சவுத் கரோலினாவில் இறந்துபோனவள்

வெரோனிகா தான் செத்துப்போன செய்தியைக் கேட்டது ஒரு சனிக்கிழமை காலையில். சிங்கப்பூரில், தெம்பனிஸ் வீட்டுச் சமையலறையில் கைப்பேசியை மைலோ டின்மேல் சாய்த்து வைத்து, தோசை வார்த்துக்கொண்டே, அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்த ஒரு பிரசாரக் கூட்டத்தை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அப்போது வெள்ளிக்கிழமை மாலை.

அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஜூரோங்கில் ஒரு சரக்கு நிறுவனத்தில் சுங்கத்துறைக்கு அனுப்பும் பத்திரங்களைப் பார்க்கும் வேலை. அமெரிக்காவில் அவள் கால் வைத்ததே இல்லை. ஆனால் எந்த மாநிலத்தில் எந்த வட்டாரம் எந்தப் பக்கம் சாயும் என்று கேட்டால் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாள். 'தெம்பனிஸிலிருந்து வெள்ளை மாளிகை' என்று தமிழில் ஒரு வலைப்பூ நடத்திவந்தாள். அதிபர் தேர்தலுக்கு முன்னால், தன் வேட்பாளர் யார் என்று ஒவ்வொரு கட்சியும் மாநிலம் மாநிலமாக வாக்கெடுத்து முடிவு செய்யுமே, அந்த முதல்நிலைப் போட்டிதான் அவளுக்கு உயிர். "கடைசித் தேர்தல் வெறும் கல்யாண விருந்து. பெண் பார்க்கிற இடத்தில்தான் குடும்பத்தின் லட்சணம் தெரியும்" என்று ஒருமுறை எழுதியிருந்தாள்.

அங்கே வாக்குச்சாவடி மூடும் நேரம் இங்கே வேலைக்குப் போகிற நேரம். தெம்பனிஸில் ரயில் ஏறினால் ஜூரோங் போய்ச் சேர்வதற்குள் பாதி முடிவு வந்துவிடும். கம்பியில் முழங்கையை மாட்டிக்கொண்டு இரண்டு கட்டைவிரலாலும் அவள் எழுதித் தள்ளுவதைப் படிக்கச் சில நூறு பேர் இருந்தார்கள். நியூ ஜெர்சியிலும் வட கரோலினாவிலும் இருக்கும் தமிழர்கள் சிலர். உள்ளூரில், கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செம்பவாங் துரைசாமி. துரைசாமி செனட்டர் கோல்ப்ரூக்கின் ஆள். வெரோனிகா, அதே கட்சியில் அவரோடு மோதும் கவர்னர் டென்ஹாம் அம்மையாரின் ஆள். "சகோதரி வெரோனிகாவுக்குக் கண்ணில் டென்ஹாம் புரை விழுந்திருக்கிறது" என்று அவர் எழுதுவார். "ஐயா அவர்களுக்குக் கண்ணே இல்லை" என்று இவள் பதில் போடுவாள்.

இந்தப் பைத்தியம் பிடித்தது எட்டு வருடங்களுக்கு முன்னால். மார்பில் புற்றுநோய் வந்து, கீமோ மருந்து ஏறி, சோபாவைவிட்டு எழ முடியாமல் கிடந்த மாதங்களில் அமெரிக்காவில் ஒரு முதல்நிலைப் போட்டி நடந்துகொண்டிருந்தது. தொலைக்காட்சியில் பகல் முழுக்க அதுதான் ஓடியது. அந்த மாதங்களில்தான் அவள் கணவன் ஜோனத்தன் சவுத் கரோலினாவில் கிரீன்வில் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலைப் பொறியாளர் வேலைக்குப் போனான். ஆறு மாதத்தில் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனவன் வரவில்லை. வக்கீலின் மின்னஞ்சல்தான் வந்தது. மகள் மிரண்டா அப்போது உயர்நிலை மூன்றில் படித்துக்கொண்டிருந்தாள். வெரோனிகா பிழைத்தாள். கையெழுத்துப் போட்டாள். அவனைப் பற்றி யாரிடமும் பேசுவதை விட்டாள்.

அன்றைக்குக் கூட்டமும் கிரீன்வில்லில்தான். அடுத்த சனிக்கிழமை சவுத் கரோலினாவில் வாக்கெடுப்பு. டென்ஹாம் அங்கே ஜெயித்தால் மற்றவர்களால் எட்டிப் பிடிக்க முடியாது. கவர்னர் மேடைக்கு வருமுன் அவரை அறிமுகப்படுத்த உள்ளூர்த் தொண்டர் ஒருவரை அழைத்தார்கள். நீலக் கோட்டு போட்ட ஒரு மனிதன் படியேறி வந்தான்.

தலை நரைத்திருந்தது. தொப்பை விழுந்திருந்தது. ஆனால் மைக்கைப் பிடிக்குமுன் மூக்கைத் தொட்டுக்கொள்ளும் பழக்கம் அப்படியே இருந்தது. 'அட, இவனும் நம்ம பக்கமா' என்றுதான் வெரோனிகாவுக்கு முதலில் தோன்றியது. அதற்காகப் பிற்பாடு தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"என் பெயர் ஜோனத்தன். சிங்கப்பூரிலிருந்து வந்தவன்" என்று அவன் ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். "என் மனைவி வெரோனிகாவை இங்கே உங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை."

அவளுக்குப் புற்றுநோய் வந்ததையும், காப்பீட்டு நிறுவனம் இழுத்தடித்ததையும் சொன்னான். மருந்துக்கு அனுமதி மறுத்து வந்த கடிதத்தை அவளுடைய சவப்பெட்டிக்கு முன்னால் நின்று பிரித்துப் படித்ததாகச் சொன்னான். மறுபடி மூக்கைத் தொட்டுக்கொண்டான். "கடைசி நாட்களில் அவள் வாயில் எதுவும் தங்கவில்லை. எங்கள் ஊரில் உப்பில் ஊறிய புளிப்புப் பிளம் பழம் ஒன்று உண்டு. அதை மட்டும்தான் சப்பிக்கொண்டிருப்பாள். ராத்திரி எந்நேரமானாலும் அதை நான்தான் தேடிப்பிடித்து வாங்கி வருவேன்."

தோசை கருகும் வாடை வந்தது. அவள் அடுப்பை அணைக்கவில்லை.

அந்த அசாம் பழத்தைப் பள்ளிக்கூடப் பையோடு போய் வாங்கி வந்தவள் மிரண்டா. அவன் அப்போது கிரீன்வில்லில் இருந்தான்.

கவர்னர் டென்ஹாம் மேடைக்கு வந்து அவனைக் கட்டிக்கொண்டார். பிறகு மைக்கை வாங்கி, "வெரோனிகாவுக்காக ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம்" என்றார். இரண்டாயிரம் பேர் எழுந்து தலை குனிந்தார்கள். தன் சமையலறையில் கரண்டியும் கையுமாக நின்று வெரோனிகா அவர்களைப் பார்த்தாள். மௌனம் முடிந்ததும் யாரோ ஒருவர் "வெரோனிகாவுக்காக!" என்று கத்த, கூட்டம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது.

"ம்மா, என்ன எரியுது?" மிரண்டா அறையிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். திரையைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை வெரோனிகா கவனித்தாள். அதில் பயம் இருந்தது, ஆச்சரியம் இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

மிரண்டா கருகிய தோசையைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"மிரண்டா, உன்னைத்தான் கேக்குறேன்."

"ரெண்டு வருஷம் முன்னாடி வீடியோ கால்ல சொன்னார். அங்க சர்ச்ல எல்லாரும் அப்படி நினைச்சிட்டாங்களாம். திருத்துறது கஷ்டம்னார். நான் என்னம்மா செய்யட்டும்? சொன்னா நீங்க ஹர்ட் ஆவீங்கன்னு விட்டுட்டேன். இப்படி ஸ்டேஜ்ல ஏறிப் பேசுவார்னு, சத்தியமா, எனக்குத் தெரியாது."

"நான் செத்துட்டேன்னு உங்கிட்ட சொல்றான். நீ சரின்னு கேட்டுட்டு வந்து எங்கூட உக்காந்து சாப்பிட்டிருக்க."

"அம்மா..."

"அசாம் பழம் யார் வாங்கினது?"

மிரண்டாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான்தான்" என்றாள்.

*

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, லூர்து மாதா கோவிலிலிருந்து நேராக, தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவுக்கு நடந்தாள் வெரோனிகா. கேம்பல் லேனில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சரசு அவளுக்கு அக்கா மாதிரி. இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது கீமோ நாற்காலிகளில், பக்கத்துப் பக்கத்தில் ஊசியோடு உட்கார்ந்திருந்தபோது. சரசு காணொளியை முழுக்கப் பார்த்தாள். பார்த்து முடித்ததும் கடைப்பையனைக் கல்லாவில் உட்காரச் சொல்லிவிட்டு, வெரோனிகாவை இழுத்துக்கொண்டு தேக்கா அங்காடிக்குள் போய் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ இரண்டு சொன்னாள்.

"பாடையில போறவன்" என்றாள். "சரி, என்ன பண்ணப் போற?"

"எழுதப் போறேன்."

"எழுதுறதுக்கு முன்னாடி அந்த அம்மா ஆபீசுக்கு ஒரு மெயில் போடு லா. இந்த மாதிரி, உங்க ஆளு பொய் சொல்றான்னு. அவங்களே தூக்கிடுவாங்க."

"அதான் வேணாங்கிறேன். சத்தமில்லாமக் கழட்டிவிடுவாங்க. உடம்பு சரியில்லன்னு ஏதாச்சும் காரணம் சொல்லுவாங்க. அவன் வீட்டுக்குப் போய் இன்னொரு சோகக் கதையைச் சொல்லிட்டு உக்காந்திருப்பான். எனக்காக எந்திரிச்சு நின்னாங்களே ரெண்டாயிரம் பேர், அவங்க அத்தனை பேருக்கும் தெரியணும்க்கா."

"அந்த அம்மா தோத்துடுவாங்களே. ஒரு வருஷமா அவங்களைத் தலையில தூக்கி வச்சிட்டு ஆடுன."

வெரோனிகா கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். அதைப் பற்றித்தான் ராத்திரி முழுக்க யோசித்திருந்தாள். டென்ஹாம் மேல் தப்பில்லை. நம்பிக் கட்டிக்கொண்டார், அவ்வளவுதான். இந்த ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்து, வாக்கெடுப்பு முடிந்ததும் எழுதினால் டென்ஹாம் தப்பித்துவிடுவார். ஆனால் அதற்குள் ஊடகங்கள் அடுத்த மாநிலத்துக்குப் போய்விடும். கிரீன்வில் ஜோனத்தனைப் பற்றி எவனும் ஒரு வரி எழுத மாட்டான்.

"தோக்கட்டும்" என்றாள்.

சரசு தன் கோப்பையைக் காலி செய்து வைத்தாள். "சரி. உசிரோட இருக்கேன்னு வாயால சொன்னா எவன் நம்புவான்? போடுற அன்னிக்கு வா, அன்னிக்குப் பேப்பரோட ஒரு போட்டோ எடுப்போம்."

புதன்கிழமை மதியம் வெரோனிகா அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். அன்றைய செய்தித்தாளை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு சிராங்கூன் சாலையோரம் நின்றாள். பின்னால் பேருந்தும், பூக்கடையும், வேடிக்கை பார்க்கிற ஆட்களும். "கொஞ்சம் சிரி, செத்தவ மாதிரியே நிக்கிற" என்று சொல்லிச் சரசு படம் எடுத்தாள். வெரோனிகா சிரிக்கவில்லை.

அதை எந்த நேரத்தில் வெளியிடுவது என்பதை, எத்தனையோ பிரசாரங்களைப் பார்த்த அனுபவத்தில், அவள் நன்றாகக் கணக்குப் போட்டிருந்தாள். முன்கூட்டிப் போட்டால் டென்ஹாம் தரப்பு சுதாரித்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை போட்டால் பரவ நேரம் இருக்காது. புதன் மாலை இங்கே எட்டு மணி என்றால், அங்கே செய்தி அறைகளில் முதல் காப்பி குடிக்கிற நேரம். முதல் முறையாக ஆங்கிலத்திலும் எழுதினாள்.

'நான்தான் வெரோனிகா. போன வெள்ளிக்கிழமை கிரீன்வில்லில் நீங்கள் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தியது எனக்கு. நன்றி. நான் சிங்கப்பூரில் உயிரோடு இருக்கிறேன். எனக்குப் புற்றுநோய் வந்தது உண்மை. சிகிச்சை இங்கேயே நடந்தது, குணமானேன். எந்தக் காப்பீட்டு நிறுவனமும் எனக்கு எதையும் மறுக்கவில்லை. மறுத்தவர் என் கணவர். நான் கீமோவில் இருந்தபோது விட்டுவிட்டு உங்கள் ஊருக்கு வந்துவிட்டார். அந்தப் பிளம் பழத்தை எனக்கு வாங்கி வந்தவள் என் மகள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. கவர்னர் டென்ஹாமை நான் ஒரு வருடமாக ஆதரித்து எழுதிவருகிறேன். இன்றும் அவர்தான் சிறந்த வேட்பாளர் என்று நினைக்கிறேன். ஆனால் என் சாவை வைத்து ஓட்டுக் கேட்க அவருக்கு நான் அனுமதி தரவில்லை.'

படத்தையும், விவாகரத்துத் தீர்ப்பின் முதல் பக்கத்தையும் சேர்த்துப் போட்டாள். பொத்தானை அழுத்தினாள். பசித்தது. கீழே போய் ஒரு பொட்டலம் மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கி வந்து ஒரு இழை விடாமல் சாப்பிட்டாள்.

வட கரோலினாவில் இருந்த ஒரு வாசகர் அதை உள்ளூர்ப் பத்திரிகைக்கு அனுப்பினார். வியாழக்கிழமை காலை, ரயில் பூகிஸ் தாண்டும்போது நிருபர் அழைத்தார். இவள் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த கோபத்தை எல்லாம் சேர்த்து, ஜூரோங் வரைக்கும் பேசினாள். நெரிசலில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை செய்தித் தொலைக்காட்சிகளில் இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினார்கள்: ஒன்றில் கூட்டம் மௌனமாகத் தலைகுனிந்து நிற்கிறது, இன்னொன்றில் சிராங்கூன் சாலையில் செய்தித்தாளோடு வெரோனிகா முறைக்கிறாள். செனட்டர் கோல்ப்ரூக் ஒரு கூட்டத்தில், "என் எதிராளியின் பிரசாரத்தில் செத்தவர்கள்கூட எழுந்து வந்து எனக்கு ஓட்டுப் போடுகிறார்கள்" என்று சொல்லிச் சிரிப்பை வாங்கினார். டென்ஹாம் மன்னிப்புக் கேட்டார். ஜோனத்தனைப் பிரசாரத்திலிருந்து விலக்கியதாக அறிவித்தார்கள்.

அந்தச் செய்தியை வெரோனிகா அலுவலகக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தாள். இனித்தது. வேறு எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

*

அன்று மாலை வீட்டுக்கு வரும்போது, புளோக்குக்குக் கீழே கைப்பேசி அடித்தது. அமெரிக்க எண். அவள் அடுக்குமாடியின் திறந்த கீழ்த்தளமான வாய்ட் டெக்கில் இருந்த கல்மேசையில் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"வெரோ, நான்தான்."

"யாரு?"

"ஜோனத்தன். ப்ளீஸ், வச்சிடாத."

"வைக்க மாட்டேன். சொல்லு."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"இங்க வந்த புதுசுல ஒரு ஜெபக்குழுவுல சேர்ந்தேன்" என்று ஆரம்பித்தான். "மனைவிக்கு கேன்சர்னு சொன்னேன். அது உண்மைதானே? வாராவாரம் எல்லாரும் உனக்காக ஜெபம் பண்ணாங்க. வாராவாரம் கேப்பாங்க, வெரோனிகா எப்படி இருக்காங்கன்னு. அதுக்குள்ள நமக்குள்ள பேச்சே நின்னுடுச்சு. நான் என்னன்னு சொல்றது? ஒரு நாள் கேட்டப்ப, 'எல்லாம் முடிஞ்சிடுச்சு'ன்னு சொன்னேன். நம்ம கல்யாணத்தைத்தான் சொன்னேன், வெரோ. அவங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டாங்க. அழுதாங்க. சாப்பாடு கொண்டு வந்து குடுத்தாங்க. உனக்காக ஒரு பூசை வச்சாங்க."

"பூசையில என்ன பாட்டுப் பாடினாங்க?"

"என்ன?"

"எனக்கு வச்ச பூசைல. என்ன பாட்டு?"

"வெரோ, நான் சீரியஸா பேசிட்டிருக்கேன்."

"நானும்தான். நான் எந்தத் தேதியில செத்தேன்?"

அவன் ஏதோ ஒரு மாதத்தின் பெயரைச் சொல்லத் தொடங்கி நிறுத்தினான்.

"சொல்லு. வருஷா வருஷம் கேட்டிருப்பாங்கள்ல."

"எனக்கு... இப்ப சட்டுன்னு ஞாபகம் இல்ல."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கொன்றதுதான் கொன்றான், தேதியையாவது ஞாபகம் வைத்திருக்கக் கூடாதா?

"எதுக்குக் கூப்பிட்ட?"

"ஆபீஸ்ல ஒருத்தன் முகம் குடுத்துப் பேசல. வீட்டு வாசல்ல டிவி வேன் நிக்குது. நீ இதெல்லாம் பாப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்? பிரிஞ்சவங்களுக்குள்ள ஒரு மிஸ்அண்டர்ஸ்டாண்டிங், கோபத்துல எழுதிட்டேன்னு ஒரே ஒரு வரி போடு. மிரண்டாவுக்காகவாவது."

"ஒண்ணு செய். எனக்குப் பூசை வச்சாங்களே, அதே ஆளுங்களைக் கூப்பிட்டு, அவங்க முன்னாடி நின்னு சொல்லு. அவளுக்குக் கீமோ நடக்கும்போது நான் விட்டுட்டு ஓடிவந்தேன்னு. இந்த வார்த்தையிலயே."

"சொன்னா எழுதுவியா?"

"மாட்டேன்."

"அப்புறம் நான் எதுக்குச் சொல்லணும்?"

"நான் கேக்குறேன்ல, அதுக்கு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மேலே போனபோது மிரண்டா ஒரு பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க ஆபீஸ் க்ரூப் சாட்ல உங்க போட்டோ வந்துச்சு" என்றாள், திரும்பிப் பார்க்காமலே. "இது உங்க அம்மாவான்னு கேக்குறாங்க. அந்தப் பதினஞ்சு வயசுப் பொண்ணு நீயான்னு கேக்குறாங்க. போடுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"நீ எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"அதுக்குத்தான் இதுவா? என்னையும் சேத்துத் தண்டிக்கிறீங்களா?"

இல்லை என்று வெரோனிகா சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வரியை எழுதும்போது, மகள் அதைப் படித்துத் துடிக்கட்டும் என்று ஒரு கணம் நினைத்தது உண்மை. அதனால் கட்டிலில் கிடந்த ஒரு சட்டையை மடித்து மகளிடம் நீட்டினாள். மிரண்டா செம்பவாங்கில் ஒரு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள்.

*

சவுத் கரோலினாவில் சனிக்கிழமை மாலை வாக்குப்பதிவு முடிந்தபோது சிங்கப்பூரில் ஞாயிறு காலை. வெரோனிகா கோவிலில் பின்வரிசையில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்துக்குள் கைப்பேசியை வைத்து எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடலோர மாவட்டங்கள் முதலில் வந்தன. டென்ஹாம் முன்னால் இருந்தார். பிரசங்கம் முடிவதற்குள் வடக்கு மாவட்டங்கள் வந்தன. கிரீன்வில் வந்தது. அங்கே டென்ஹாம் படுத்துவிட்டார்.

எல்லோரும் நற்கருணை வாங்க வரிசையில் எழுந்து போனார்கள். மனத்தில் பகையை வைத்துக்கொண்டு அதை வாங்கக் கூடாது என்று சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பகையை விடுகிற எண்ணம் அவளுக்கு இல்லை. காலை ஒதுக்கிப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு வழிவிட்டு உட்கார்ந்தே இருந்தாள். வரிசை திரும்பி வருவதற்குள் கோல்ப்ரூக் வென்றதாக அறிவித்துவிட்டார்கள். ஒரு வருடமாக ராப்பகலாக யாருக்காக எழுதினாளோ அவர் தோற்ற செய்தி அது. அழுகை வருமென்று பார்த்தாள். ஜோனத்தன் எந்த அறையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்றுதான் நினைப்பு ஓடியது. டென்ஹாம் தோற்றதற்கு அந்த ஊரே அவன் முகத்தைத்தான் பார்க்கும். அது போதும் என்றிருந்தது.

இரண்டு வாரத்தில், ஒரே நாளில் பல மாநிலங்கள் வாக்களிக்கும் அந்தப் பெரிய செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு, டென்ஹாம் போட்டியிலிருந்தே விலகினார். வலைப்பூவில் வசவு குவிந்தது. 'சொந்தப் பகையைத் தீர்த்துக்கொள்ள ஒரு நாட்டின் தலைவிதியில் கை வைத்தவள்' என்று ஒருவர் எழுதினார். உன்னால்தான் தோற்றாரா, நேரடியாகப் பதில் சொல் என்றார் இன்னொருவர். வெரோனிகா வழக்கம்போலப் புள்ளிவிவரங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டென்ஹாமின் ஆதரவு அதற்கு முன்பே சரிய ஆரம்பித்திருந்தது. ஆனால் கடைசி மூன்று நாட்களில் முடிவெடுத்தவர்களில் பெரும்பாலோர் கோல்ப்ரூக் பக்கம் போயிருந்தார்கள். இரண்டையும் ஒளிக்காமல் எழுதினாள். 'இதில் என் பங்கு இருக்கிறது. எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டால், டென்ஹாமுக்காக இருக்கிறது. எழுதியதற்காக இல்லை.'

அதன் கீழே துரைசாமி எழுதினார்: 'சகோதரி, என் ஆள் ஜெயித்துவிட்டார். கொண்டாட மனசு வரவில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் என் வீட்டில் யாரும் என்னோடு பேசியிருக்க மாட்டார்கள்.'

அவளோடும் மகள் பேசத்தான் இல்லை. மிரண்டா வாரம் ஒருமுறை வந்து துணி துவைத்துக்கொண்டு போவாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன் என்பதற்கு மேல் பேச்சு வளரவில்லை.

ஈஸ்டருக்கு முந்திய வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மிரண்டா பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வெரோனிகாவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கிரீன்வில்லிலிருந்து, ரூத் என்ற பெண்மணி. அந்த ஜெபக்குழுவின் தலைவி. வயது எழுபத்தெட்டு என்று எழுதியிருந்தார்.

வெரோனிகா படித்துவிட்டு, "இங்க வா" என்று மகளைக் கூப்பிட்டாள். மிரண்டா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

'ஜோனத்தன் இரண்டு வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை எங்கள் முன் நின்று பேசினார். உங்களைப் பிரிந்து வந்ததாகச் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். நான் எழுந்து, அப்போது நீங்கள் நோயில் இருந்தீர்களா என்று கேட்டேன். பதில் வரவில்லை. திரும்பக் கேட்டேன். ஆமாம் என்றார். அதன்பின் அவர் எங்கள் கோவிலுக்கு வரவில்லை. உங்கள் ஆன்மாவுக்காக இத்தனை வருடம் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன். உங்களை எனக்கு நன்றாகத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். நீங்கள் மென்மையானவர், குரலை உயர்த்தியதே இல்லை, யாரோடும் வாதாடியதில்லை, அரசியல் போன்ற உலக விஷயங்களில் நாட்டமே இல்லாதவர் என்று அவர் உங்கள் பூசையில் பேசினார்.'

மிரண்டா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து வெரோனிகா திரும்பினாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாதாடியதில்லையாம்" என்றாள், மூச்சு வாங்க. "ம்மா, அவர் வேற யாரையோ கட்டியிருந்திருக்கார்."

வெரோனிகாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் சோபாவில் விழுந்து சிரித்தார்கள். வாசல் பக்கமாக நடந்து போன பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்றைக்கே பதில் எழுதினாள். 'அந்தப் பெண்ணை எனக்கும் தெரியாது. அவளுக்காகத் தொடர்ந்து ஜெபியுங்கள். அவனோடு வாழ அவளுக்கு அது தேவைப்பட்டிருக்கும்.' அனுப்புமுன் ஒரு கேள்வியைச் சேர்த்தாள். கேட்காமல் இருக்க முடியவில்லை. 'அந்தச் சனிக்கிழமை நீங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள்?'

பதில் மறுநாள் காலை, ரயிலில் இருக்கும்போது வந்தது.

'கவர்னர் டென்ஹாமுக்குத்தான். பொய் சொன்னது அவர் இல்லையே.'

வெரோனிகா அதைப் படித்தாள். கட்டைவிரல் இரண்டும் திரைக்கு மேலே நின்றன. ரூத்துக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டே இருந்ததில், தான் இறங்கவேண்டிய ஜூரோங் ஈஸ்ட்டில் கதவு திறந்து கூட்டம் இறங்கியதையும், பிறகு மூடியதையும் அவள் கவனிக்கவில்லை.